இழுக்காம ஓட்டு

பட்டறையில் அவரை எல்லாரும் நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்காவது நூல் விட்டுத் திரிந்த ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு அவருக்கு நேரமும் கிடையாது, சாமர்த்தியமும் கிடையாது. என்ஜின் வேலையில் நூலளவும் பிசகமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. ஒரு சிலிண்டரைக் காலையில் அளப்பார், வெயில் ஏறினதும் அளப்பார், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் இன்னொரு தரம் அளப்பார். வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டவும் ரசமட்டம் எடுத்து வந்த மனிதர். அவர் மனைவி அன்று திரையைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். கடைசி ஒன்பது கிலோமீட்டர் ஒரே மேடு. பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இருபது வருஷம் அப்படித்தான் போய் வந்தாள். நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் தலைமை நர்ஸாக ஆக்கினார்கள். ஆறரைக்கெல்லாம் வார்டில் நிற்க வேண்டும், அதற்குள் போய்ச் சேர அவ்வளவு காலையில் பஸ் கிடையாது. யாரிடமும் கேட்காமல் டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். லைசென்ஸை வாங்கிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்த பிறகுதான் நூலுக்கே விஷயம் தெரியும்.

வீட்டில் இருந்ததோ பழைய கார். மேட்டில் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கும். நூல் யோசித்தார். மனைவிக்கு அவர் நகை எடுத்துக் கொடுத்ததில்லை, ஊர் சுற்றிக் காட்டியதில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் காருக்கு ஸ்ட்ரோக்கர் என்ஜின் கட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்தார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிஸ்டனை மேலும் கீழும் தள்ளுகிற கிராங்கை எடுத்துவிட்டு, கை நீளமான வேறொரு கிராங்கைப் போடுவது. பிஸ்டன் எட்டு மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று அதிகம் உள்ளே போகும், மேடு லேசாகிவிடும். ஆனால் நீளமான கை உள்ளே எங்கேயும் இடிக்கக் கூடாது, சிலிண்டர் சுவரை உரசித் தின்னக் கூடாது. அதற்குத்தான் அளவு.

“வண்டிக்கு ஸ்ட்ரோக்கர் வைக்கப் போறேன்” என்று வீட்டில் சொன்னபோது மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வேலை பார்ப்பதே பக்கவாத வார்டில். “எங்க வார்டுல ஸ்ட்ரோக் வந்தா ஒரு பக்கம் விழுந்துடும். வண்டியாவது நேரா நிக்குமா?” என்று கேட்டாள்.

அவளுடைய அண்ணன் டாக்ஸி ஓட்டுகிறவர். அவருக்கும் இது பிடிக்கவில்லை. அதெல்லாம் பந்தயத்துக்குப் போகிறவன் வைத்துக்கொள்கிற என்ஜின், ஒரு நாள் கூத்துக்குச் சரி, தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு ஆகாது என்று பட்டறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். நூலுக்குச் சுருக்கென்றது. பந்தயக்காரன் என்ஜின் சீக்கிரம் போகிறது என்றால் அதைக் கட்டினவன் அவசரப்பட்டிருப்பான், இல்லை ஓட்டினவன் வெறிபிடித்து ஓட்டியிருப்பான் என்பது அவர் கட்சி. அடக்கமாகக் கட்டி அடக்கமாக ஓட்டினால் அதுவும் எந்த என்ஜினையும்போலப் பத்து வருஷம் உழைக்கும் என்று மச்சானிடம் சவால் விட்டார்.

எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கட்டினார். அதுவரை காலையில் அண்ணன்தான் தன் டாக்ஸியில் அவளை வார்டில் கொண்டுபோய் விட்டார். முதல் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தானே ஓட்டிப் பழக்கினார். எண்ணெய் மாற்றினார். பிறகு ஒரு காலையில் சாவியை மனைவி கையில் கொடுத்து, “இழுக்காம ஓட்டு, அது போதும்” என்றார்.

பதினாலு மாதம் வண்டி கடிகாரம்போல ஓடியது. ஒரு நாள்கூட மனைவி வார்டுக்குத் தாமதமாகப் போகவில்லை. மேடு ஏறுவதே தெரியவில்லை என்று அவள் சொன்ன அன்று நூல் பட்டறையில் இரண்டு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அது ஊர்வலம் விட்ட மாதிரி.

பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது என்ஜினுக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது, எண்ணெய் விளக்கு எரிந்தது. மனைவி பதறவில்லை. ஓரம் கட்டினாள், என்ஜினை அணைத்தாள், அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் வந்து கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

நூல் என்ஜினின் அடித்தட்டைக் கழற்றினார். பிஸ்டன் தண்டுகள் கிராங்கைக் கவ்விப் பிடிக்கிற இடத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கிற பேரிங் ஓடுகள் தேய்ந்து, பித்தளை நிறம் தெரிந்தது. எண்ணெயில் உலோகத் தூள் மின்னியது. அவரிடம் வேலை பார்க்கிற லேத்துக்காரர் வந்து எட்டிப் பார்த்தார், வெல்டர் வந்து எட்டிப் பார்த்தார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, “நான் அன்னைக்கே சொன்னேன், மாப்ள” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நூலுக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. எட்டு மாத உழைப்பு, இத்தனை பேர் முன்னால் மானம், எல்லாம் சேர்ந்து வாயில் வந்து நின்றது. “என்ஜின்ல குத்தமில்ல. ஓட்டின கையிலதான் குத்தம்” என்று சொல்லிவிட்டார்.

மனைவி கதவுப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். யூனிபார்மில் இருந்தாள். சாவியைக் கொண்டுவந்து அவருடைய அளவுக் கருவிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, சாலைக்குப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அன்றிலிருந்து பஸ்தான். காலை வேலையை இன்னொரு நர்ஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மதிய வேலை வாங்கிக்கொண்டாள். வண்டி சரியானாலும் இனி ஓட்டுவதாக இல்லை என்று வெளியூரில் இருக்கிற மகளிடம் சொன்னாளாம். இதே நிலை நீடித்தால் தலைமைப் பொறுப்பையும் விட வேண்டி வரும் என்றும் மகள்தான் போனில் சொன்னாள். நூல் கட்டின என்ஜின் போனது ஒரு பக்கம். அவள் தானாகப் போய்க் கற்றுக்கொண்டு வந்த ஒன்றை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஏனென்றால் தான் சொன்னது தப்பு என்று அவருக்கு இன்னும் நிச்சயமாகவில்லை. அளக்காமல் அவர் எதையும் ஒப்புக்கொள்கிறவர் இல்லை.

அளந்தார். எட்டு ஓடுகளையும் துணியில் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாக அளந்தார். விநோதமாக இருந்தது. மேல் பாதி ஓடுகள்தான் தேய்ந்திருந்தன, கீழ்ப் பாதி புதிதுபோல இருந்தது. வண்டியைக் கத்த விட்டு ஓட்டியிருந்தால் கீழ்ப் பாதிதான் போகும். மேல் பாதி மட்டும் போயிருக்கிறது என்றால், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பெரிய கியரில் அழுத்தி அதன் தலையில் பாரத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம், மனைவியின் விடுமுறை நாள், சாப்பாட்டு மேசையில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மேட்டில் எந்த கியரில் போவாய் என்று மெல்லக் கேட்டார். அவள் தலை நிமிராமல் நாலாவது என்றாள். சில நாள் ஐந்தாவது. எவ்வளவு வேகத்தில் என்று கேட்டார். முப்பத்தைந்து, நாற்பது என்றாள்.

நூலுக்கு ஒரு கணம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் சொன்னது சரிதானே, கையில்தானே குற்றம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வேகத்தில் இரண்டாவது கியரில் அல்லவா போக வேண்டும், ஏன் அப்படி ஓட்டினாய் என்று கேட்டார்.

“நீங்கதானே இழுக்காம ஓட்டுன்னு சொன்னீங்க” என்றாள். “ரெண்டாவது கியர்ல சத்தம் போட்டுச்சு. இழுக்குது போலன்னு மேல மாத்தினேன். சத்தம் அடங்கிடுச்சு. ஒரு நாளாவது அதைக் கத்த விட்டிருப்பேனா?”

நூலுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டறை ஆட்களுக்கு இழுக்கிறது என்றால், கியரை மாற்றாமல், என்ஜின் சுற்றைக் காட்டுகிற முள்ளைச் சிவப்புக்கோடு வரை கொண்டுபோவது. அதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னார். அவளோ என்ஜின் குரலே உயர்த்தக் கூடாது என்று எடுத்துக்கொண்டாள். பழைய என்ஜினாக இருந்தால் முதல் மேட்டிலேயே திணறி நின்று, இது தப்பு என்று சொல்லியிருக்கும். இவர் கட்டினது பலசாலி. நாலாவது கியரிலும் முனகாமல் ஏறியது. பதினாலு மாதம் பொறுத்துக்கொண்டே போய், ஒரு நாள் உட்கார்ந்துவிட்டது.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். “எங்க வார்டுல டாக்டர் வந்து கொஞ்சம் மருந்து குடுன்னு சொன்னா நான் குடுக்க மாட்டேன். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவைன்னு கேப்பேன். உங்ககிட்ட மட்டும் கேக்கல. எல்லாத்தையும் அளந்து பேசுற மனுஷன், இதையும் அளந்துதான் சொல்லியிருப்பீங்கன்னு நம்பினேன்.”

“தப்பு என்னோடதுதான்” என்றார் நூல். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அதற்கு மசியவில்லை. “வீட்டுல சொல்லி என்ன பிரயோஜனம்? நீங்க பேசினது நாலு பேர் முன்னாடி” என்று சொல்லிவிட்டுக் காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கிராங்கைப் பளபளவென்று தேய்த்து, புது ஓடுகள் போட்டு, எல்லாவற்றையும் மும்முறை அளந்து என்ஜினை மூட மூன்று வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை மதியம் மனைவியை வரச் சொன்னார். மச்சானையும் வரச் சொன்னார். லேத்துக்காரரையும் வெல்டரையும் வேலையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அவர்கள் ஏதோ சம்பள விஷயம் என்று பயந்துகொண்டே வந்தார்கள்.

நூல் சாவியை நீட்டினார். மனைவி கை நீட்டவில்லை. இந்தத் தடவை எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்டாள். முள் இரண்டாயிரத்துக்குக் கீழே இருக்கும்போது மேட்டில் அழுத்தக் கூடாது, கியரைக் குறைக்க வேண்டும், நாலாயிரத்தைந்நூறுக்கு மேல் போகக் கூடாது என்று அவர் கடகடவென்று சொன்னார்.

“வாய்ச் சொல்லை நாங்க வாங்கறதில்ல. எழுதிக் குடுங்க” என்றாள்.

வெல்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நூல் என்ஜின் அளவுகளைக் குறித்துவைக்கிற அட்டை ஒன்றை எடுத்து, இரண்டு எண்களையும் எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது என்றாள். என்ன வரி என்று அவர் கேட்கவில்லை. குனிந்து நெடுநேரம் எழுதினார்.

அவள் அட்டையைத் தன் அண்ணனிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்களை டாக்ஸி மீட்டர் படிப்பதுபோலப் படித்தார். மூன்றாவது வரியில் குரல் இறங்கியது. “ஓட்டின கையில குத்தமில்ல. சொன்ன வாயிலதான் குத்தம்.”

மனைவி அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள். மேடு வரைக்கும் போய்ப் பார்க்கலாம், நீங்களும் வாங்க என்றாள். நூலின் கால் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கக் கதவுக்குப் போயிற்று. அங்கே அவள் நின்றிருந்தாள். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அவள் ஓட்டும்போது அதுவரை ஒரு நாளும் உட்கார்ந்திராத அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.