அம்மா என்னைத் தூக்கிய நாள்

வயிற்று ஒப்பரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் அம்மா என்னைத் தூக்கினாள். எனக்கு எட்டு வயது. தூக்குகிற வயதே இல்லை. இரண்டு நாள் மழையில் பள்ளிக்கூடத்து வழி ஓடை பெருகியிருந்தது. புதுச் சப்பாத்து நனையும் என்று நான் அடம்பிடித்தேன். தொப்புளுக்கு மேலிருந்த குடலிறக்கத்தைத் தைத்து அனுப்பிய டாக்டர், மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றிருந்தார். அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

அக்கரையில் இறக்கிவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிறாத" என்றாள்.

மறுநாள் காலை தையலுக்குப் பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டால் கல். குடித்த தேத்தண்ணி வெளியே வந்தது. பிறகு பச்சையாக வந்தது. அப்பாவுக்கு எல்லா நோயும் வாயுதான். சோடா வாங்க ஓடினார். அத்தை எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள்.

"அமுக்குனா உள்ள போயிரும் மதினி. பல்லக் கடிச்சிக்கங்க."

அம்மா போட்ட சத்தத்தில், அடுத்த வீட்டில் பச்சைப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி ஓடி வந்தார்.

"கைய எடுங்க! குடல் மாட்டியிருக்கு, அமுக்கப்புடாது. வாய்க்கு ஒண்ணும் குடுக்காதீங்க. வண்டியப் பாருங்க!"

கிடைத்தது கொழுந்து ஏற்றும் லொறி. சாக்குகளின் மேல் அம்மாவைப் படுக்க வைத்தார்கள். அவள் என் மணிக்கட்டை விடவில்லை. அதனால் என்னையும் ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைவிலும் சாக்குகள் சரிய, அவள் நகம் என் தோலில் பதிந்தது. ஹட்டன் வருவதற்குள் முனகலும் நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டர் வீக்கத்தைப் பார்த்தார். தையலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது.

"பாரம் தூக்கினதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"இல்லீங்க சார். ஒரு சாமான் தூக்க விடல" என்றார் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன்.

"கொடம் தூக்குனேங்க" என்றாள் அம்மா.

"சொன்னா கேக்க மாட்டியா நீ?" என்று அப்பா கத்தினார். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அழுகிய குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்களாம். பத்தாம் நாள், பாதியாய் இளைத்து வீட்டுக்கு வந்தாள். அத்தை அந்தக் குடத்துக் கதையை லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னாள், அம்மா மறுக்கவில்லை. அப்பா முணுமுணுத்துக்கொண்டே பீலிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

வலியில் அம்மாவுக்கு ஓடை மறந்துபோயிற்று, நல்ல காலம் என்றுதான் நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.