என் கார்பரேட்டரை மாற்றியது யார்?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பதும் ஒரு உத்தியோகம்தான்: சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, கண்ணில் படுகிற ஆளையெல்லாம் சந்தேகப்படுவது மட்டும் முழுநேர வேலை.

நான் சம்பளம் வாங்கிய உத்தியோகம் வேறு. பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. கடலூரில் வீடு. காலையில் கிளம்பினால் புவனகிரி, சிதம்பரம், கீரப்பாளையம் என்று உரக்கடை உரக்கடையாக ஏறி இறங்க வேண்டும். அதற்காக எண்பத்து நாலில் புத்தம்புதிதாக வாங்கிய வண்டி. ரெண்டு சைலன்சர். கியர் லீவரையே உள்ளே அமுக்கித் திருப்பி நிமிர்த்தினால் அதுதான் கிக்கர். இந்தச் சூட்சுமம் தெரியாதவன் அதன்மேல் உட்காரலாம், ஓட்ட முடியாது.

இருபது வருஷம் ஒரே வண்டியை வைத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சர்வீஸுக்கு விட்ட வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்திருப்பீர்கள். போல்ட்டெல்லாம் நம்முடையதுதானா, கண்ணாடி நம்முடையதுதானா என்று தடவியிருப்பீர்கள். கேட்டால் 'சும்மா பார்த்தேன்' என்பீர்கள். நானும் அப்படித்தான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன், 2004 வரைக்கும்.

புதுச்சேரிக்காரர்

அந்த வருஷம் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்து முடித்த கையோடு, புதுச்சேரியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்த்து வைக்கிற பைத்தியமாம். என் வண்டியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையோடு தரையில் முழங்கால் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஒரிஜினல், ஒரிஜினல்' என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே திரும்பி, காபி போடச் சொல்லி என் மனைவி கலாவுக்குச் சைகை காட்டினேன்.

டார்ச் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அவர் விரலால் அழுக்கைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் சொன்னார்: "எல்லாம் சரி சார். ஆனா இந்தக் கார்பரேட்டர் எண்பத்தாறுக்கு அப்புறம் வந்தது. ஒங்க வண்டி எண்பத்து நாலு. யாரோ மாத்திட்டாங்க சார்."

காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் போனது எனக்கு உறைக்கவே இல்லை. யாரோ! யார் அந்த யாரோ?

மச்சான்

முதல் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே. கலாவின் தம்பி செல்வம் ஒரு தடவை வண்டியை இரவல் வாங்கியிருந்தான். பத்து வருஷத்துக்கு முந்தின சங்கதி. வாங்கும்போது சிரித்துக்கொண்டே வாங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

திருவந்திபுரத்தில் அவன் மகளுக்குக் காது குத்தல். சாப்பாட்டுப் பந்தியில் அவன் எனக்குப் பாயசம் ஊற்ற வந்தபோது பிடித்துக்கொண்டேன். "மச்சான், அன்னைக்கு என் வண்டிய எடுத்துக்கிட்டுப் போனியே, நடுவுல எங்கயாவது நிறுத்தினியா? யாராச்சும் தொட்டாங்களா?" கலா இலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை முறைத்தாள். செல்வம் பாயச வாளியைக் கீழே வைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறான் என்று தெரிந்தது. மாட்டினான் என்று நினைத்தேன். அவன் என் காதோரம் குனிந்து சொன்னான்:

"மாமா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. கிக்கர் எங்க இருக்குன்னே தெரியல. கோயில் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி, தள்ளிக்கிட்டே திரும்பி வந்தேன்."

ஸ்டாண்டு

அடுத்தது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த சைக்கிள் ஸ்டாண்டு. மாதத்தில் நாலு நாள் வண்டியை அங்கே போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். ஸ்டாண்டு வைத்திருந்தவர் ராசகண்ணு. எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டிருப்பார். எனக்கு அந்தத் தூக்கத்தின் மேலேயே சந்தேகம். மனுஷன் அத்தனை நேரம் தூங்க முடியுமா?

அதிலிருந்து வண்டியை அங்கே விடும்போதெல்லாம் பிளக் கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். எல்லாச் சட்டையிலும் கரி. கலா துவைத்துத் துவைத்து அலுத்துப்போனாள். கார்பரேட்டரைச் சுற்றி ஒரு நூல் வேறு கட்டி வைப்பேன், யாராவது கை வைத்தால் அறுந்துபோகுமே என்று. ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. குதித்தேன். ராசகண்ணு கண்ணைத் திறந்தார், கொட்டாவி விட்டார். நூலைப் பார்த்தார், வரிசையாக நின்ற புது வண்டிகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "எலி இருக்கு சார் இங்க. மனுசன் திருடறதா இருந்தா, ஸ்டார்ட் ஆவுற வண்டியா பாத்துத் திருடுவான்."

நெயில் பாலிஷ்

இனி மிச்சம் ஒரே ஆள்: பஷீர் பாய்.

பஷீர் பாய் சிதம்பரத்தில் மெக்கானிக். வண்டி வாங்கின முதல் மாசத்திலிருந்து அவர் கைதான். வேறு யாரும் அதைத் திறந்ததில்லை. அதனால்தான் அவரைக் கடைசியில் வைத்திருந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், வேறு யாரும் திறந்ததில்லை என்றால் வேறு யார் மாற்றியிருக்க முடியும்? ராத்திரி தூக்கம் போச்சு. முகத்துக்கு நேரே கேட்கவும் வாய் வரவில்லை. நம்ம ஊரில் பலரும் செய்கிற காரியத்தை நானும் செய்தேன். கலாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, கார்பரேட்டர், காயில், செயின் கவர், டேங்க் மூடி என்று எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொட்டு வைத்தேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி சர்வீஸுக்கு விட்டேன்.

சாயந்திரம் போய்ப் பார்க்கிறேன், டேங்க் மூடியில் மட்டும் பொட்டு இருக்கிறது. மற்ற எதிலும் இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கடையில் நாலு கஸ்டமர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. "எத்தன வருஷமா பாய் இப்படி? போன தடவை கார்பரேட்டர், இந்தத் தடவை மொத்தமுமா?" என்று டேங்க் மூடிப் பொட்டைக் காட்டிக் கத்தினேன். பஷீர் பாய் கையிலிருந்த ஸ்பேனரை வைத்தார். என்னமோ சொல்ல வாயெடுத்தவர் அந்த நாலு பேரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதையும் நான் குற்ற உணர்ச்சி என்றுதான் நினைத்தேன். பிறகு பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியை எடுத்து டேங்க் மூடியை ஒரு இழு இழுத்தார். பொட்டு போய்விட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கழுவுனா பாலிஷ் போயிடும் சார். நீங்க சொன்ன வார்த்த போவாது. வண்டிய எடுத்துக்குங்க, இனிமே இங்க கொண்டாராதீங்க."

மூன்று மெக்கானிக்குகள்

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாலிஷ் விஷயத்தில் தப்பு என் பேரில்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கார்பரேட்டர் கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் மூன்று மெக்கானிக். கடலூரில் ஒருத்தர் கிளட்சை இறுக்கினார், வண்டி தவளை மாதிரி குதித்தது. இன்னொருத்தர் அந்தக் குதிப்பை நிறுத்தினார், கூடவே ஓட்டமும் நின்றுவிட்டது. அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை 'புஸ்' என்று அணையும். கடைசியாகப் பண்ருட்டியில், பலாப்பழ லாரிகளுக்கு நடுவில் கடை வைத்திருந்த ஒருவரிடம் ஓட்டியும் தள்ளியுமாகக் கொண்டு போனேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். அரைமணி நேரம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: "சார், இதுக்கு செல்ஃப் ஸ்டார்ட் பட்டன் எந்தப் பக்கம்?"

ஒரு மாசம்

2009 வந்தது. மறுபடி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பத்தடி போனதும் அணைந்தது. உதைத்தேன். மறுபடி பத்தடி. மறுபடி உதைத்தேன். வரிசையில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். இருபத்தஞ்சு வருஷம் என்னைச் சுமந்த வண்டி. இதில்தான் கலாவைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது அப்படி அவமானப்படுவதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "ஒரு மாசம் டைம் தர்றேன் சார். அதுக்குள்ள நிக்காம ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா பழைய இரும்புக்குப் போடறதத் தவிர வேற வழியில்ல."

ஜெயராஜ்

பஷீர் பாயை விட்டால் கதி இல்லை. ஆனால் எந்த முகத்தோடு போவது? அப்போதுதான் கீரப்பாளையம் உரக்கடையில் ஜெயராஜைப் பார்த்தேன். வேறொரு மருந்துக் கம்பெனியில் என்னைப் போலவே பிரதிநிதியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் ரவுண்டு போவோம். அவரிடமும் இதே வண்டிதான் இருந்தது, அவரும் பஷீர் பாயிடம்தான் விடுவார். நமக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று என் சோகக் கதை முழுவதையும் கொட்டினேன். எண்பத்தாறு மாடல் கார்பரேட்டர் என்றதும் அவர் கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் சேகர், தொண்ணூத்து மூணுல புவனகிரி பாலத்துக்கிட்ட ஒன் வண்டி நின்னு போச்சே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவர்தான் சொன்னார். நடு வெயில். கோளாறு எங்கே என்று தெரியவில்லை. எது பழுது என்று கண்டுபிடிக்க, நன்றாக ஓடுகிற வண்டியிலிருந்து சாமானைக் கழற்றி நின்று போன வண்டியில் மாட்டிப் பார்ப்போம் இல்லையா? அப்படி அவருடைய எண்பத்தாறு மாடல் கார்பரேட்டரை என் வண்டியில் மாட்டினோம். உடனே பிடித்துக்கொண்டது. என்னுடையதை அவர் வண்டியில் மாட்டி எப்படியோ உருட்டிக் கிளப்பினார். சிதம்பரத்தில் மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம். மறுநாள் அவர் கேட்டாராம். "எல்லாம் ஒரே கம்பெனிச் சாமான்தானே, விடுப்பா" என்று நான் சொன்னேனாம். அதற்கப்புறம் அவர் வண்டி ஒரு நாளும் ஒழுங்காக ஓடவில்லை. எட்டு வருஷம் போராடிவிட்டு இரும்புக்குப் போட்டிருக்கிறார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பாலமும் வெயிலும் எண்ணெய்க் கையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைக்காரர் வேறு பில் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயராஜ் கோபப்படவே இல்லை. "ஒனக்கு நெசமாவே மறந்துபோச்சா, இல்ல மறந்த மாதிரி இருந்துட்டியான்னு பதினாறு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன் சேகர்."

பஷீர் பாய்

மறுநாளே வண்டியை டெம்போவில் சிதம்பரம் கொண்டுபோய், பஷீர் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், வெயில், ஜெயராஜ், எதையும் விடவில்லை. தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க பாய் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "வண்டிய உள்ள தள்ளுங்க" என்றார், அவ்வளவுதான். ரெண்டு நாளில் வண்டி நிற்காமல் ஓடியது. நானே நம்பவில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது கடையில் யாரும் இல்லை. கார்பரேட்டர் அடியில் ஒரு பித்தளை ஸ்க்ரூவைக் காட்டினார். அது ஜெயராஜ் வண்டிக்காக அவரே மரை போட்டு மாட்டினதாம். என் வண்டியில் அதைப் பார்த்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜெயராஜ் மாசாமாசம் வந்து, மாற்றின கதையைச் சொல்லாமல், 'வண்டி இழுக்க மாட்டேங்குது பாய்' என்று மட்டும் புலம்பும்போதும் தெரியும். 'சாரே ஒரு நாள் வாயத் தொறந்து சொல்லட்டும்' என்று இருந்திருக்கிறார். அவர் சந்தேகம் என் மேல்! எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு நான் அந்தக் கத்து கத்தினேனே, அப்பவே இதச் சொல்லியிருக்கலாமே பாய்?" என்றேன்.

பஷீர் பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நாலு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க சார். அவுங்க எதிர்ல ஒங்களத் திருடன்னு எப்படிச் சொல்றது?"

வண்டிக்கு இன்னும் அஞ்சு வருஷம் ஆர்.சி. புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள், என்னைப் புதுப்பிக்க எந்த ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.