தலையாட்டி ஒத்துக்கொண்ட கச்சேரி

பிள்ளைகளா, உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பாடசாலையை விட்டுவிட்டேன். என் மகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள். அவர்தான், "ஐயா, அண்டைக்கு நடந்ததைப் பிள்ளையளுக்கு நீங்களே எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதே என் வலது கால் ஆடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கும் இப்படித்தான் ஆடியது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அதை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். கொழுந்து அரைக்கிற மெஷின் என் பொறுப்பு. வருஷக்கணக்காக அதன் பக்கத்தில் நின்றதில் என் காதில் ஒரு பகுதி போய்விட்டது. பஸ் சத்தம் கேட்கும், மேளச் சத்தம் கேட்கும், முகத்தைப் பார்த்துப் பேசினால் யார் பேசினாலும் விளங்கும். ஆனால் மெல்லிய சத்தம், ஊசி மாதிரி மேலே ஏறுகிற சத்தம், இதெல்லாம் எனக்கு இல்லை. குருவி கத்துகிறது என்று மற்றவர்கள் சொன்னால்தான் உண்டு. நாலு பேர் கூடிப் பேசினால் எல்லாம் குழைந்த சோறு மாதிரி ஒன்றாகிவிடும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்குத் தெரிந்தால் மெஷினை விட்டு மலை வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று பயம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கேட்காவிட்டால் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டிவிடுவேன். ஆட்டினால் யாரும் மறுபடி கேட்பதில்லை. என் மனைவியிடம் மட்டும் அது செல்லாது.

"எத்தன தரம் கூப்பிட்டாலும் திரும்புற மனுசனா இவரு? அந்த மெஷினையே கட்டியிருக்கலாம்" என்பாள். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன்.

பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்த அன்று மண்டபம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். டீச்சர் என்னிடம் வந்து மெதுவான குரலில் ஏதோ சொன்னார், ஏதோ கேட்டார். மகளைப் பற்றி நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பலமாகத் தலையாட்டினேன். டீச்சர் கைதட்டினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "நெசமாவே வருவீங்களாப்பா?" என்றாள்.

"எங்க?"

"கச்சேரிக்கு. என்னோட சேந்து வாசிக்கிறேன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

அப்புறம்தான் விஷயம் முழுவதும் தெரிந்தது. கொழும்பிலிருந்து சில இசைக்காரர்கள் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளோடும், பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களோடும் சேர்ந்து ஒரு கச்சேரி செய்யப்போகிறார்கள். பாட்டுக் கிடையாது, தாளம் கிடையாது, முன்கூட்டி எழுதிவைத்த ஒன்றும் கிடையாது. ஒருவர் ஒரு சத்தம் எழுப்புவார். மற்றவர் அதைக் கேட்டு, தனக்குத் தோன்றுகிற சத்தத்தைப் பதிலாகக் கொடுப்பார்.

"கேட்டுட்டா?" என்றேன்.

"ஆமாப்பா. கேக்குறதுதான் இதுல பெரிய வேலையாம்."

கேட்க முடியாதவன் இதில் என்ன செய்வது? ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவள் வயலின் வாசிக்கிறாள். எனக்கு ஓர் இரும்புப் பைப்புத் துண்டையும் ஸ்பேனரையும் தேர்ந்தெடுத்தாள். ஸ்டோரில் கழித்துப்போட்ட பைப்பு அது. கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினால் கோயில் மணிக்குத் தம்பி மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கச்சேரியை எப்படி முடிப்பது என்று இசைக்காரர்கள் டீச்சர் மூலமாகப் பிள்ளைகளிடம் கேட்டபோது, என் மகள் சொன்ன யோசனையை எடுத்துக்கொண்டார்களாம்.

"எல்லாரும் நிறுத்துனப்புறம் நான் மட்டும் வாசிப்பேன்பா. சத்தத்தக் கொறச்சுக்கிட்டே போவேன். நூல் மாதிரி ஆக்கிருவேன். அந்த நூல் அறுந்ததும் நீங்க ஒரே ஒரு அடி. அதோட முடிஞ்சிரும்."

அந்த நூல்தான் எனக்குக் கேட்காது.

நாங்கள் குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் பின்னால் கொய்யாக் கிளையில் பைப்பைக் கட்டிப் பழகினோம். நான் காதை நம்பவில்லை, கண்ணை நம்பினேன். அவள் கையிலிருந்த வில்லையே பார்த்துக்கொண்டிருப்பேன். வில் கம்பியை விட்டு எழும்பியதும் அடிப்பேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான்.

"என்னா மாமா, தண்ணிப் பைப்பு ஒடஞ்சிருச்சா?"

"இல்லடா, கச்சேரிக்குப் பழகுறோம்."

"அப்ப பைப்பு நல்லாத்தான் இருக்கு. ஒடஞ்சது வேற என்னமோ."

மகள் அவன்மேல் ஒரு கொய்யாக் காயை எறிந்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். மெஷின் பக்கத்தில் நிற்கும்போதுகூட என் கண்ணுக்குள் அந்த வில் போய்ப் போய் வந்தது.

இசைக்காரர்கள் ரயிலில் நானுஓயாவுக்கு வந்து, அங்கிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கச்சேரி நடந்த இடம் பூண்டுலோயாப் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு பழைய ஸ்டோர். அதன் மேல்மாடியில் முந்தியெல்லாம் கொழுந்து வாட்டுவார்கள். நீளமான மரத்தரை, வரிசையாக மரத்தூண்கள். மழை விட்ட பின்நேரம். உடைந்த ஜன்னல் கண்ணாடிகளுக்குள்ளால் பனிமூட்டம் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினோம்.

வந்தவர்களுக்குத் தலைவர் கிளாரினெட் வாசிக்கிற ஒரு சிங்களவர். மாத்தயா என்று, அதாவது ஐயா என்று, கூப்பிட்டோம். நரைத்த தாடி. நல்ல சிரிப்பு. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு டீச்சரிடம் ஏதோ சொன்னார். டீச்சர் எங்களிடம் வந்தார்.

"மேடை வேண்டாமாம். சனம் நடுவில இருக்கட்டுமாம். வாசிக்கிற நாங்கள் சுத்திவர சுவரோரம் நிக்கிறதாம்."

என் மகளைத் தூரத்து மூலைக்கு அனுப்பினார்கள். என்னை இந்த மூலையில் நிறுத்தினார்கள். இடையில் தூண் தூணாக மறைத்தது. எட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். அவளே தெரியவில்லை, வில் எங்கே தெரியப்போகிறது?

"டீச்சர், நான் மக பக்கத்துல நிக்கட்டுங்களா?"

"ஐயா, எங்க நிண்டால் என்ன? காதைக் குடுத்தால் காணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கால் ஆடத் தொடங்கியது அப்போதுதான்.

கச்சேரி தொடங்கியது. மாத்தயா கிளாரினெட்டில் வெறும் காற்றை ஊதினார் போலிருக்கிறது. கன்னம் உப்புவதைத்தான் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினை முன்னால் வைத்து இழுத்தாள். அது எனக்குக் கேட்டது. தரைப் பலகை வழியாக உள்ளங்காலுக்கும் வந்தது. சிறு பிள்ளைகள் அலுமினியச் சட்டியில் கண்ணாடிப் போளைக் குண்டுகளை உருட்டினார்கள், கொழுந்துச் சாக்கை உதறினார்கள். ஒரு தாய் அரிசி புடைத்தாள். நானும் இடையிடையே தட்டினேன். நான் தட்டியதும் மாத்தயா திரும்பி எனக்காகவே ஏதோ ஊதினார். அந்த நேரம், சொன்னால் என்ன, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நடுவில் இருந்த சனம் முழுவதும் தூரத்து மூலைப் பக்கம் திரும்பியது. மகள் தொடங்கிவிட்டாள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

வில் இல்லாவிட்டால் என்ன, முகங்கள் இருக்கின்றனவே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கேட்கிறவர்களைப் பார்த்தால் போதும். சத்தம் முடிந்தால் அசைவார்கள், மூச்சு விடுவார்கள். அப்போது அடிப்போம். என் மனைவி கன்னத்தில் கையை வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு குழந்தை வாயைத் திறந்தபடி இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கூடக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். சத்தம் மெலிய மெலிய எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள்.

ஸ்பேனரை ஓங்கிப் பிடித்தேன். யாரும் அசையவில்லை. இன்னும் நூல் இருக்கிறது என்று நினைத்தேன். காத்திருந்தேன். யாரும் அசையவில்லை. எவ்வளவு நீளமாக இழுக்கிறாள் என் மகள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாத்தயாவும் பார்த்தார். முடிந்துவிட்டது, அடி என்கிறார்களா? இல்லை, பொறு, இன்னும் அடித்துவிடாதே என்கிறார்களா? இப்போது அடித்து, நூல் இன்னும் அறாமல் இருந்தால் அவள் முடிவை நானே உடைத்தவன் ஆவேன். அடிக்காமல் நின்றால், அவள் அந்த மூலையில் தனியாகக் காத்துக்கொண்டு நிற்பாள். என் மனைவியும் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டால் திரும்பாத மனுசன் என்கிற அதே பார்வை.

அந்த நேரம் என் உள்ளங்காலில் ஒன்று பட்டது. தரைப் பலகை ஒரு தரம் அதிர்ந்தது. திரும்பவும் ஒரு தரம். யாரோ குதிகாலால் பலகையை மிதிக்கிறார்கள், அந்த மூலையிலிருந்து. வேறு யார் என்னை இப்படிக் கூப்பிடப்போகிறார்கள்?

அடித்தேன். பைப்பு நீண்ட நேரம் முழங்கியது. அது அடங்கிய பிறகுதான் எல்லாரும் கையைத் தட்டினார்கள்.

கூட்டம் எழும்பி ஒரே சத்தமாகிவிட்டது. மாத்தயா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் மளமளவென்று பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சிரித்தேன், தலையாட்டினேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுச் சாமான் கட்டப் போனார்.

அதுவரை எனக்குப் பின்னால் நின்ற மகள் வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள்.

"மாத்தயா என்னாப்பா சொன்னாரு?"

"நல்லா இருந்திச்சுன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"கடைசியில நீங்க அவ்வளவு நேரம் அமைதியா விட்டீங்களே, அதுதான் கச்சேரியிலேயே நல்ல எடம்னாரு. அடுத்த மாசம் கொழும்புல வாசிக்க வர்றீங்களான்னு கேட்டாரு. நீங்க தலைய ஆட்டிட்டீங்க."

என் காது விஷயம் அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"வயலின் கொண்டுவந்த புதுசுலயே. நீங்க கம்பியப் பாக்கவே மாட்டீங்க, வில்லத்தான் பாப்பீங்க. ஒருநாள் வில்லு கம்பியில படாம சும்மா ஆட்டிப் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"ஏன் புள்ள என்கிட்டச் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். வில்லப் பாத்து அடிச்சிருவீங்கன்னுதான் அந்த முடிவையும் சொன்னேன்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கீழே இறங்கி, செருப்பையும் மாட்டாமல் வேன் பக்கம் போனேன். மாத்தயா பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் தமிழில் ஒருவரிடமும் வராத சொல் சிங்களத்தில் வந்தது.

"மாத்தயா, மட்ட எஹுனே நே." எனக்குக் கேட்கவில்லை, ஐயா.

அவர் நிமிர்ந்தார். கிட்ட வந்து, கொழும்பு விஷயத்தை மறுபடி சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். நான் கையைக் காட்டி மறித்தேன்.

"அது மட்டுமில்லீங்க. மக வாசிச்சதும் கேக்கல."

"அப்போ கடைசியில் அந்த அமைதி?"

"அது எப்பத் தொடங்குச்சுன்னே எனக்குத் தெரியாதுங்க."

அவர் முதலில் விழித்தார். பிறகு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கொழும்புக்கு வருவதா இல்லையா என்று பிறகு சொல்கிறேன், முதலில் காது டொக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அது நானே கேட்டு, யோசித்துச் சொன்ன பதில்.

திரும்பினால் பின்னால் என் மனைவி நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள்.

பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். டீமேக்கர் ஐயாவிடம் எப்படிச் சொல்வது, காதில் எதையாவது மாட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நிற்க விடுவாரா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. என் மனைவி வெளியே பார்த்தபடி ஏதோ சொன்னாள். பழக்கத்தில் தலை ஆடப்பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"கேக்கல. திரும்பச் சொல்லு."

அவள் முகத்தை முழுசாக என் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணுமில்ல. கால ஆட்டாதீங்க, சீட்டே ஆடுதுன்னேன்."