குறியில்லாத நட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் சாலையில் ஒரு பட்டறை. மக்காச்சோளம் அடிக்கும் மிஷின்களை அங்கே பழுது பார்ப்பார்கள். ஸ்டோர் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முடித்தவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நட்டுகள் எல்லாம் ஒரே எண்ணெய் டின்னில் கிடந்தன. ஃபிட்டர் அதில் கையை விட்டுத் துழாவி, போல்ட்டில் ஏறுகிற நட்டு எதுவோ அதை மாட்டிவிடுவார். நான் மூன்று வாரம் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தேன். முதலில் அளவு. அப்புறம் உள்ளே சுற்றி ஓடும் திருகு மரை நெருக்கமா, அகலமா என்று. கடைசியாக நட்டின் முகத்தில் பொறித்திருக்கும், அதன் பலத்தைச் சொல்லும் எண். எண் இல்லாதவற்றைத் தனி டப்பாவில் போட்டேன்.

"இன்னா டிப்ளமா, நட்டுக்கும் ஜாதி பிரிச்சிட்டியா?" என்றார் ஃபிட்டர்.

"ஜாதி இல்லண்ணே, பலம்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் போ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நான் சிரிக்கவில்லை. தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டு வந்தால் 10 என்று பொறித்த நட்டைத்தான் கொடுப்பேன். அதற்குக் குறைந்த எண் ஆகாது. அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட்டுதான் உடைய வேண்டும். அது உடைந்தால் சத்தம் கேட்கும், கண்ணுக்குத் தெரியும், வேறு போடலாம். நட்டு மட்டமாக இருந்தால் அப்படி இல்லை. உள்ளே மரை கொஞ்சம் கொஞ்சமாக வழியும். வெளியிலிருந்து பார்த்தால் நட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே பிடி போயிருப்பது யாருக்கும் தெரியாது.

சோளம் அடிக்கும் மிஷினில் தகர மூடிக்குக் கீழே ஓர் உருளை சுற்றும். டிரம் என்பார்கள். அதன் மேல் இரும்புப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையையும் இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கதிரை அடித்து மணியைப் பிரிப்பது அந்தப் பட்டைகள்தான். பட்டறையில் வேறு எந்த இடத்தில் எந்த நட்டு போனாலும் நான் இரண்டாம் முறை பார்க்க மாட்டேன். உருளைக்குப் போகும் நட்டை மட்டும், பொறித்த எண்ணை விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

அந்த வருட அறுவடைக்கு முன்னால், சமவெளியில் நிலம் வைத்திருந்த ஒருவர் தன் மிஷினைக் கொண்டுவந்து விட்டார். அவருடைய மிஷினில்தான் என் அம்மா சோளக் கதிரைத் தள்ளும் வேலை பார்த்தாள். அம்மா அவரை ஐயா என்பாள். நான் சார் என்றுதான் கூப்பிடுவேன்.

வேலை முடியும் நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்தார். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் முதன்முதலாக வாங்கிய மிஷினின் நட்டு. ஒரு சீசன் முழுக்க ஒரு பெல்ட் கூட அறாமல் ஓடிய மிஷின் அது. அதைக் காயலான் கடைக்குப் போட்டபோது இந்த ஒரு நட்டை மட்டும் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாராம். எந்த மிஷின் வாங்கினாலும், எதைப் பிரித்துப் பூட்டினாலும் இது அதில் ஏற வேண்டும். அந்தப் பக்கத்து மிஷின்காரர்கள் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. ராசி நட்டு என்பார்கள்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முகத்தில் எண் இல்லை. மரை தேய்ந்து மழுங்கியிருந்தது.

"சார், இத மூடியில போட்டுக்கலாம். டிரம்முல வேணாம்" என்றேன்.

"மூடியிலயா? மூடி இன்னா ஓடுதா? ஓடுற எடத்துல இருந்தாத்தான ராசியும் ஓடும்? சாமியக் கொண்டாந்து செருப்பு வுடுற எடத்துல குந்த வைக்கச் சொல்ற நீ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபிட்டர் நட்டை வாங்கி விரலாலேயே போல்ட்டில் ஏற்றிக் காட்டினார். "தோ பாரு, எப்பிடிப் போவுது. அதே சைஸுதான்."

"சைஸு சரிதான்ணே. போல்ட்டு பலத்துக்கு இது தாங்காது."

"ஒரு நட்டுதான் டிப்ளமா. மிச்சமெல்லாம் உன் நட்டுதான் போட்டிருக்கேன்."

மிஷின்காரர் டீ குடிக்கப் போனதும் சரியான நட்டு ஒன்றை ஃபிட்டர் கையில் கொடுத்தேன். மாற்றிவிடுங்கள், பார்க்க மாட்டார் என்றேன். ஃபிட்டர் கையை இழுத்துக்கொண்டார். "ராசிய மாத்தி வேற எதுனா ஆச்சின்னா என் தலையிலதாம்மா வுழும். எனக்கு வேணாம்."

நானே ஸ்பேனரை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கூச்சல் போட்டால் அம்மாவை மிஷின்காரர் வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்று பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்று, என்னிடம் ரிஜிஸ்டர் இருந்தது. எது கொடுத்தோம், எதில் போட்டோம் என்று நான் எழுதும் ரிஜிஸ்டர். அதில் ஆங்கிலத்தில் எழுதினேன். உருளையில் தரக்குறி இல்லாத பழைய நட்டு ஒன்று போடப்பட்டுள்ளது, அந்த போல்ட்டின் பலத்துக்கு அது போதாது, உரிமையாளர் கேட்டதால் போடப்பட்டது. கோடு போட்டதுபோல் நேராக வந்திருந்தது என் எழுத்து. அதன் கீழே மிஷின்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் தன் பெயரைத் தமிழில், எழுத்து எழுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு, "டெலிவரிக்கா? சரி, சரி" என்றார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா மஞ்சள் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் மிஷின் கல்வராயன் மலைக்கு ஏறுகிறது, நாலு நாள் அங்கேயே தங்கல் என்றாள்.

"மிஷினு நல்லா பண்ணிட்டாங்களா?"

"பண்ணியாச்சு" என்றேன்.

அவளிடம் போல்ட்டு, எண், மரை என்று சொன்னால் என்ன புரியப் போகிறது என்று அப்போது நினைத்தேன். அதை இங்கே மறைத்துப் பயனில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு களத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷினில் பட்டையின் ஒரு முனை விட்டுவிட்டது. ஒரு போல்ட்டு மட்டும் பிடித்திருந்த பட்டை சுற்றிவந்து, தகர மூடியைக் கிழித்துக்கொண்டு, கதிர் தள்ளிக்கொண்டிருந்தவளின் வலது கையில் அடித்தது. டிராக்டர் டிரெய்லரில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து மலை இறக்கினார்களாம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கூட வந்த பெண்கள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவின் புடவையில் ரத்தத்தோடு சோளத் தூசி ஒட்டியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் மடங்காது என்றார்கள்.

மிஷின்காரர் மறுநாள் வந்தார். பழைய ஆள் மாதிரி இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"இப்பிடி ஆவும்னு உனக்குத் தெரியுமா பாப்பா?"

"எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன் சார்."

"அதுல அதுவா எழுதியிருந்த? எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்?" அவர் குரல் உயரவில்லை. "மிஷினு எடுத்துக்கினு போறதுக்குக் கையெழுத்துன்னு நெனச்சேன்."

அம்மா கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"கூட வந்தவளுங்க பழைய மிஷினாச்சேன்னு பயந்தாளுங்க" என்றாள். "எம் பொண்ணு பாத்துக் குடுத்த மிஷினுடி, பயப்படாம வாங்கன்னு நாந்தான் சொன்னேன். மொதல்ல நான் நிக்கிறேன்னு நின்னேன்."

பிறகு என்னைக் கேட்டாள். "எங்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே."

 

பட்டறையில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. பட்டறைக்காரர் ரிஜிஸ்டரை இரண்டு முறை படித்தார். "கெட்டிக்காரிம்மா நீ. நம்ம மேல ஒண்ணும் வராது" என்று அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைத்தார். ஃபிட்டர் என்னை டிப்ளமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

மிஷின் திரும்ப வந்தது. வளைந்த பட்டையை மாற்றினோம். ராசி நட்டு திரும்ப வரவில்லை. அது மலையில் எங்கோ சோளத் தட்டைக்குள் விழுந்திருக்கும். இந்த முறை உருளையின் எல்லா நட்டுகளையும் நானே எடுத்து, நானே ஸ்பேனர் பிடித்து முறுக்கினேன்.

கொண்டுபோக வந்த அன்று மிஷின்காரரோடு அம்மாவின் கூட்டத்துப் பெண்களும் டிரெய்லரில் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள், அம்மாவின் கையை மலை முழுக்க உயர்த்திப் பிடித்து வந்தவள், இறங்கி நேராக ஸ்டோருக்கு வந்தாள். என் மேசை மேல் இருந்த ரிஜிஸ்டரைக் கையால் தட்டினாள்.

"இதுல எதுனா எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல அத்த. எல்லா நட்டும் சரியான நட்டு. நானே போட்டேன்."

"அன்னிக்கும் இப்பிடித்தானடி உங்கம்மாகிட்ட பண்ணியாச்சுன்ன?"

நான் அவளை மிஷினுக்கு அழைத்துப் போய் மூடியைத் திறந்தேன். உருளையைக் கையால் சுற்றி, ஒவ்வொரு நட்டிலும் பொறித்த எண்ணைக் காட்டினேன். அவள் விரலை வைத்துத் தடவினாள். எண் பொறித்த மேடு அவள் விரலுக்குத் தெரிந்திருக்கும். கடைசி நட்டு வரை பொறுமையாகத் தடவிப் பார்த்தாள். அப்புறம் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது இன்னான்னு தெரியாது. மிஷின ஓட்டச் சொல்லு. உங்கம்மா நின்ன எடத்துல நீ நில்லு."

மிஷின்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரெய்லரில் இருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஃபிட்டர் டிராக்டரை ஸ்டார்ட் செய்தார். பெல்ட் இழுபட்டு உருளை சுற்ற ஆரம்பித்தது. தகர மூடி நடுங்கியது. புது மூடியில் இன்னும் பெயின்ட் வாசனை இருந்தது. நான் கதிர் தள்ளும் பலகைக்கு முன்னால் போய், வலது கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் நிறுத்தச் சொல்லும்வரை நின்றேன். அவள் வெகுநேரம் நிறுத்தச் சொல்லவில்லை.