சென்னியம்மாள் வந்த மத்தியானம்

நம்பச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. 1999, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். என் பெயர் ரூபினா. கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் அந்த மில்லுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன்.

டேட்டாபேஸில் இருக்கும் ஆட்களின் விவரங்களை ஆப்ஜெக்ட்டுகளாக, அதாவது ஆளுக்கு ஒரு தொகுப்பாக, எடுத்துத் தரும் புரோகிராம் அது. 'தொழிலாளி' என்பது தாய் வகை. அதற்குக் கீழே 'நிரந்தரம்', 'டெம்பரவரி' என்று இரண்டு பிள்ளை வகைகள். தாய் வகையைக் கேட்டால் எல்லோரும் வருவார்கள். பிள்ளை வகையைக் கேட்டால் அந்த வகை ஆட்கள் மட்டும்தான் வருவார்கள்.

அன்று மில்லுக்கு விடுமுறை, ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது. மெஷின் சத்தமே இல்லை. மத்தியானம் ஒரு மணி வாக்கில் மேனேஜர் லட்சுமணசாமி போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அம்மணி, சென்னியம்மாள்னு நம்ம மில்லுல ஆராச்சும் இருக்காங்களா பாருங்க. போலீஸ்ல கேக்கறாங்க."

திரையில் நிரந்தரத் தொழிலாளர்களைத் தேடும் கேள்வி இருந்தது. அதிலேயே பெயரை அடித்தேன். யாரும் வரவில்லை. வகையை மாற்றிக் கேட்கச் சோம்பல்.

"இல்லீங்க சார்."

அவர் அதையே போனில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மணி ஒன்று இருபது இருக்கும். அறையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. நிமிர்ந்தால் வாசலில் ஒரு பெண். தலையெல்லாம் பஞ்சு. மெஷின் ஓடாத நாளில் பஞ்சு எப்படி...?

மெதுவாக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மணி... இன்னொருக்கா பாருங்க."

"எதைங்க?"

"என்ற பேரு. நா டெம்பரவரிங்க."

திரும்பாமலேயே தாய் வகையைக் கேட்டேன்.

கம்ப்யூட்டர் தேடியது. டிக்... டிக்... டிக்...

வந்தது. சென்னியம்மாள். டெம்பரவரி.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஈரத் தரையில் ஒரு காலடிகூட இல்லை...

கேட்டுக்கு ஓடினேன். யாரும் உள்ளே வரவில்லை என்றார் வாட்ச்மேன். லட்சுமணசாமியைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். உடனே அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவிநாசி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனவள் அவள். கையில் பச்சை குத்திய பெயரும் தலையில் இருந்த பஞ்சும்தான் அடையாளம். மூன்று நாளாக மார்ச்சுவரியில் கிடந்தாள். அன்று சாயங்காலம் அநாதைப் பிணமாகப் புதைக்க இருந்தார்களாம். என் ஒரு 'இல்லீங்க'வால்.

மறுநாள் உடுமலைப்பேட்டையிலிருந்து அவள் புருஷன் ஆறுச்சாமி வந்தார். மனசு கேட்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டதை, அவள் சொன்ன மாதிரியே.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"வேற ஆராச்சுமா இருக்கும் அம்மணி. எம்பொண்டாட்டிக்குப் பொறந்ததுல இருந்தே பேச்சு வராதுங்க."