வெறும் டப்பா

கார் நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் எல்லாம் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆளுக்கொரு பையும் கழுத்தில் அட்டையுமாக நடந்து வந்தார்கள். பாளையங்கோட்டையில் ஏதோ ஆராய்ச்சியாம். கக்கூஸ், கை கழுவுவது, வயிறு, குடல் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம்.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பெண். "ஆச்சி, வெளிக்குப் போறதப் பத்திச் சில கேள்வி கேக்கணும். கூச்சப்படாமச் சொல்லணும்" என்றாள். கூச்சப்படாமல் என்று அவள் சொன்னதுமே எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. நான் கடையில் போய்ச் சீயக்காய் கேட்பதற்கே ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகிறவள்.

அந்தச் சமயத்தில் எனக்கு வெளிக்குப் போகும்போது இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. என் அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவளைச் சேரன்மகாதேவியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குடலில் கட்டி முற்றிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வளர்ப்பு.

வாய்க்கால் கரைக்குப் போய்க்கொண்டிருந்த காலமாக இருந்தால் மறைத்திருக்க முடியாது. நாலைந்து பேராகத்தான் போவோம். யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை, யார் நேரமாக்குகிறாள் என்பதெல்லாம் வீடு திரும்புமுன் தெருவுக்கே தெரிந்துவிடும். மகன் கொல்லையில் கக்கூஸ் கட்டியபிறகு கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் தெரியாது. மகன் தூத்துக்குடியில் லாரி ஆபீசில் இருக்கிறான், சனிக்கிழமைதான் வருவான். வீட்டில் நானும் மருமகளும் பேரப்பிள்ளைகளும்தான். கக்கூஸ் இருந்தால் எவ்வளவு நல்லது என்று அந்தப் பெண் ஒரு படத்தை விரித்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

கேள்வி ஆரம்பிக்குமுன் எதிர்வீட்டுக்காரி வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு நாத்தனார் முறை. யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் அவள் வருவாள்.

"சாப்பிடுததுக்கு முன்னால சோப்புப் போட்டுக் கை கழுவுவியளா ஆச்சி?"

"கழுவுவாவ" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "எங்க மதினி சோப்பையே ஒருதடவ கழுவிட்டுத்தான் கையில எடுப்பாவ. நீ அடுத்ததக் கேளு பிள்ள."

"ஆச்சிதான் சொல்லணும் அத்த."

"ஆச்சி எங்கன சொல்லுவாவ? அவிய வாயில இருந்து ஒரு சொல்லு வாங்குததுக்குள்ள உனக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்."

அந்தப் பெண் பொறுமைசாலி. பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தாள். வரிசையாக ஏழு படம். ஒவ்வொருவருக்கும் எப்படிப் போகிறது என்பதை வர்ணம் தீட்டி வரைந்திருந்தார்கள். நான் பார்வையைத் திருப்பி வாசலில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏ யம்மா! இத ஒருத்தன் உக்காந்து வரஞ்சிருக்கானே! இன்னிக்கு என்ன வேல பாத்தன்னு பெத்தவ கேட்டா அந்தச் சவம் என்ன சொல்லியிருப்பான்?"

"அத்த, ஆச்சி பாக்கட்டும்."

"பாக்கட்டும், பாக்கட்டும். மொதல்ல உள்ளது ஆட்டுப் புழுக்க. கடசீல உள்ளது ரசம். எனக்கு இன்னா, இந்த மூணு. கோழி கூப்பிட ஒரு செம்பு தண்ணி குடிச்சா மில்லுச் சங்கு கணக்கா. எழுதிக்கோ."

எனக்கு முதலில் உள்ளதுதான். அதுவும் தினமும் கிடையாது. இரத்தத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அடக்குவேன், அடக்க அடக்க இறுகும். ஆனால் அட்டையைப் பார்க்காமல் விரலை நீட்டியதில் அது நாலாவது படத்தில் போய் விழுந்தது.

"நாலா? ரொம்ப நல்லது ஆச்சி! இதுதான் எல்லாத்துலயும் நல்லது. ஆச்சி வயசுல நெறையப் பேருக்கு இப்படி அமையாது" என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள்.

எதிர்வீட்டுக்காரி முகம் சுண்டிவிட்டது. அவள் மூன்று.

"ரத்தம் கித்தம் போகுதா ஆச்சி?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டு. ஏதாவது ஒரு பக்கம் அவளே எடுத்துக்கொண்டால் என் பொறுப்பு இல்லை என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அவியளுக்கா ரத்தம்? நாலாம் நம்பரு!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அந்தப் பெண் இல்லை என்று எழுதிக்கொண்டாள்.

போகும்போது ஆளுக்கொரு டப்பா கொடுத்தாள். வெள்ளை டப்பா, நீல மூடி, மூடிக்குள்ளேயே ஒரு சின்னக் கரண்டி. குடலில் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். காலையில் போகும்போது ஒரு துளி எடுத்து வைக்க வேண்டும், மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்கள். "இருந்தாலும் சரி, இருக்காட்டாலும் சரி, டப்பாவ மட்டும் திருப்பிக் குடுத்திருங்க. கணக்கு ஒப்படைக்கணும்" என்றாள்.

அன்று மத்தியானம் அந்தப் பெண் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன். வெறும் மோர்ச்சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஏதாவது கொடுக்கலாம் என்று இருந்தது. கூட இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எனக்கு இருக்கவில்லை. டப்பா கழுவி வைத்த கிண்ணம் போலச் சுத்தமாக இருந்தது. வாசலில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. மருமகள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேன் ஏற்றப் போயிருந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து குழம்புக் கிண்ணமோ தூக்குவாளியோ வந்தால் வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது. சீனியோ, நாலு முருங்கைக்காயோ, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு வெற்றிலையாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வெறும் ஏனத்தைக் கொடுப்பது கொடுக்கிற வீட்டுக்கும் நல்லதில்லை, வாங்குகிற வீட்டுக்கும் நல்லதில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் யாருக்கும் வெறும் ஏனம் கொடுத்ததில்லை. இந்த டப்பாவோ புதுசு, யாரும் எதற்கும் தொடாதது. அந்தப் பெண் மோர்ச்சோறு தின்றது வேறு கண்ணில் நின்றது. ஜாடியைத் திறந்து உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டு எடுத்து வைத்து மூடினேன். போன வருஷத்துக் காய். நன்றாக ஊறிக் கறுத்து, மெழுகு மாதிரி இருந்தது.

வெளியே போய் டப்பாவை நீட்டினேன். "வச்சிருக்கேன்" என்றேன்.

"ரொம்ப நல்லது ஆச்சி. பாதிப் பேரு மறந்துட்டோம்னுதாவ" என்று சொல்லி அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டி, ஐஸ் போட்டிருந்த பெட்டிக்குள் வைத்தாள். நார்த்தங்காய்க்கு ஐஸ் வேண்டாம், வெளியே வைத்தாலே கெடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரி தன் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து மருமகளின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆச்சி டப்பாவைப் பற்றி டாக்டரம்மா நேரில் பேச வேண்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டப்பாவில் இருந்தது நார்த்தங்காய் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இரத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். படித்தவர்கள், எதிலிருந்து எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த வேன் ஞாபகத்துக்கு வந்தது.

பஸ் ஏறும்போது எதிர்வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நாலு வாங்குன ஆளுக்கே இந்தக் கதின்னா, மூணு வாங்குனவ நான் என்ன செய்ய?" என்று அழுதாள்.

பாளையங்கோட்டையில் அந்த இடம் மாடியில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணும் ஓரமாக நின்றாள், முகமே சரியில்லை. மேஜை மேல் என் டப்பா இருந்தது.

"அம்மா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நார்த்தங்கா."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கும்மா அத வச்சீங்க?"

"வெறும் டப்பாவ எப்படிக் குடுக்க?" என்றேன். "அந்தப் பிள்ள மோர்ச்சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்லாம இருந்துச்சு."

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள், தோள் குலுங்கியது. டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் கொஞ்ச நேரம் படிப்பது போல முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதையும் சோதித்து, புழு முட்டை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், வாசனையை வைத்து இன்னொருவர்தான் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். என் நார்த்தங்காயில் புழு கிடையாது. அது எனக்கே தெரியும்.

"அத்த, என்ன காரியம் செஞ்சிருக்கிய! மானமே போச்சு" என்று மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா. இன்னொரு டப்பா தரோம்" என்றார் டாக்டரம்மா. "அன்னைக்கு உங்களுக்கு இருக்கலையா? நாலாம் நம்பருன்னு இதுல போட்டிருக்கே."

"இருக்கல."

"ஏன்?"

மானம் போய்விட்டது என்று மருமகள் அப்போதுதான் சொல்லியிருந்தாள். போனபிறகு எதைப் பிடித்துவைத்துக்கொண்டு இருப்பது என்று தோன்றியது. "பயந்துக்கிட்டு அடக்கிட்டேன். ரத்தம் போகுது" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் தோள் நின்றுவிட்டது. டாக்டரம்மா காகிதத்தைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக, என்ன நிறம், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவைச் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசி மருமகள் கேட்டதில்லை. அவள் தலையிலிருந்த கையை எடுக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா தாமே போன் பேசி, பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனைக்கு ஏற்பாடு செய்தார். அதற்கு முந்தின நாள் ஒரு மருந்துப் பொடியைக் குடம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். வயிற்றில் ஒன்றும் இருக்கக்கூடாதாம். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அன்று முழுக்கக் கொல்லைக் கதவைச் சாத்தவே நேரம் கிடைக்கவில்லை.

குடலில் ஒரு கட்டி இருந்தது. சுண்டைக்காய் அளவு. குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரைக்கும் மருமகள் எனக்குக் குழைந்த சோறு கொடுத்துவிட்டு, நான் பார்க்காத நேரத்தில் சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் கெட்டதாகியிருக்கும் என்று முடிவு வந்தது. இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். சரி என்றேன்.

முதல் தடவை திரும்பக் காட்டப் போனபோது கூட்டம் அதிகம். பெஞ்சில் நானும் மருமகளும் உட்கார்ந்திருந்தோம். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அத்த" என்றாள் மெதுவாக. "எனக்கும் போகுது."

"எது?"

"அதுதான்."

"எப்பம் இருந்து?"

"சின்னவன் பொறந்ததுக்குப் பெறவு. அப்பப்பம்."

சின்னவன் இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். "யார்ட்ட சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குச் சரியாவட்டும்னு இருந்தேன். இன்னிக்கு வேண்டாம் அத்த, பையப் பாத்துக்கிடலாம்."

நான் எழுந்து சீட்டு எழுதுகிற ஜன்னலுக்குப் போனேன். வரிசையில் ஆண்களும் பெண்களுமாக நின்றார்கள். என் முறை வந்ததும் உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல், "என்ன விசயம்? சத்தமாச் சொல்லுங்க, பேன் சத்தத்துல கேக்கல" என்றார்.

"இன்னொரு சீட்டு வேணும்" என்றேன் சத்தமாக. "அன்னா, அந்தப் பச்சச் சேல கட்டியிருக்காளே, என் மருமவ. அவளுக்கும் வெளிக்குப் போகையில ரத்தம் போகுது."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை இல்லை, அவளைத்தான். அதனால் எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. அவர் வயது கேட்டார், சொன்னேன்.