ஆள் வரவில்லை

பேருந்து நிலையத்து டீக்கடையில் டீயை ஆறவிட்டுவிட்டு, நாகப்பட்டினம் பஸ்சுக்கு நிற்கும் ஒரு தடித்த மனிதரை நாகேஸ்வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் முறைத்தால் இவர் பஸ் போர்டைப் படிப்பார். முறைப்பு முடிந்ததும் மறுபடி பார்ப்பார். பத்து மணிக்குத் திருவாரூர்க் கீழ வீதியில் தன் ஸ்டூடியோவைத் திறக்கும்போது, அங்கே நெகட்டிவில் முகக் குறைகளைப் பென்சிலால் திருத்தும் என்னிடம் அன்றைய பாடத்தை ஒப்பிப்பார்.

"பொண்டாட்டி பேசறச்சே மட்டும் அந்த மனுஷன் பையை இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தறார். அதை எப்படிப் படத்துல கொண்டுவரது, சொல்லு?"

நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பேன். அவரும் பதிலுக்கு நிற்கமாட்டார்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அப்பா குத்தகைக்கு விட்டிருந்த நிலம் சிறுகச் சிறுகக் கைமாறியபோது, வந்த பணத்தில் ஒரு பழைய பெட்டிக் கேமராவை வாங்கினார். பாஸ்போர்ட் படம் எடுக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டார். ஆளைப் படம் எடுக்க ஆறு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். "மூக்கு வரது, முழி வரது. ஆள்தான் வரமாட்டேங்கறான்" என்பார்.

மற்ற ஸ்டூடியோக்களின் சுவரில் நல்ல படங்கள் இருக்கும். இவர் தேறாதவற்றை மாட்டியிருக்கிறார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் காரணம்: 'அவசரம்.' 'பவுடர்.' 'நான் அதிகம் பேசினேன்.'

ஸ்டூலில் உட்கார்ந்தவுடன் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். "மூச்சு விடுங்கோ, நான் எமன் இல்லை" என்று ஆரம்பிப்பார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. ஒரு வக்கீலிடம், "உங்காத்துப் பூனை என்ன நிறம்?" என்றார். "எனக்கு ஏதய்யா பூனை?" என்று வக்கீல் சீறினார். அந்தச் சீற்றத்தோடு எடுத்த படம்தான் வக்கீல் வீட்டுக் கூடத்தில் இப்போது தொங்குகிறது.

சென்ற வருஷம் ஊராட்சித் தேர்தல் வந்தபோது வீரையன் வந்தார். அறுவடைக் கூலிக்காக நடந்த போராட்டத்தில் முன்னால் நின்றவர். எந்த மிராசுதாரின் வயலில் நாற்று நட்டாரோ அவருடைய மகனை எதிர்த்தே தேர்தலில் நின்றார். நோட்டீசில் போடப் படம் வேண்டும். கூட அவர் மனைவி காத்தாயி, இடுப்பில் சுருக்குப் பையோடு.

நாகேஸ்வரன் யாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். அன்றும் அப்படித்தான் பேசினார். மூன்று கண்ணாடி பிளேட்டில் படம் எடுத்தார். மறுநாள் வீரையனோடு படம் வாங்க வந்த காத்தாயி மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாருங்க சாமி?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"எங்க வூட்டாளு பேசுனா போலீசு ஜீப்பு நிக்கும். இது, அரை மரக்கா நெல்லு கொறச்சு அளந்தாலும் வாங்கிக்கிட்டுப் போற ஆளு. இதப் பாத்து எவன் ஓட்டுப் போடுவான்?"

மூன்றிலும் தலை கவிழ்ந்திருந்தது. "தூக்குங்கோ, தூக்குங்கோன்னு சொல்லிண்டேதான் இருந்தேன்" என்றார் நாகேஸ்வரன்.

"சொன்னீங்க. நேத்து இவருக்கு முன்னாடி உக்காந்த வாத்தியாருக்குத் தாடையில கை வச்சு நிமித்தினீங்க. அதுக்கு முன்னாடி வந்த புள்ளைக்கும் அப்படித்தான். இவருக்கு மட்டும் எட்ட நின்னு வாயால சொன்னீங்க."

"சும்மா இரு புள்ள" என்றார் வீரையன்.

நான் பென்சிலை வைத்துவிட்டேன். மூன்று வருஷமாக அதே அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

நாகேஸ்வரன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். புது பிளேட் எடுத்தார். வீரையனை உட்காரவைத்து, கிட்டப் போய்த் தாடையைத் தொட்டார். வீரையனின் கழுத்து ஆமைபோல உள்ளே போயிற்று.

"வேணாங்க சாமி. நானே தூக்கிக்கிறேன்." தூக்கினார். கண் மட்டும் தரையிலேயே இருந்தது.

"நாளைக்கு அச்சாபீசுல குடுக்கணும். நல்லா நிமிந்து பாருய்யா!" என்றாள் காத்தாயி.

நாகேஸ்வரன், "எழுந்திருங்கோ" என்றார். வீரையனை எழுப்பிவிட்டு, தானே ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"இப்ப நீங்கதான் போட்டோக்காரர். என்னைச் சரி பண்ணுங்கோ."

"ஐயய்யோ! நான் போயி..."

"நன்னா வரணும். கோணலா வந்தா ஒத்துக்கமாட்டேன்."

வீரையன் மனைவியைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் நாகேஸ்வரனின் தாடையைத் தூக்கினார். போதவில்லை. குனிந்து, நேருக்கு நேர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"இன்னங் கொஞ்சம் இப்படி. ஆங். ஆடாதீங்க. எங்க பாக்குறீங்க? என்னயப் பாருங்க."

காத்தாயி வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதேதான்" என்று நாகேஸ்வரன் எழுந்தார். "அப்படியே உக்காருங்கோ. நான் சரியா நிக்கறேனான்னு பாருங்கோ."

வீரையன் உட்கார்ந்து, நாற்று முடிக் கட்டுகளை எண்ணும் கண்ணோடு அவரை மேலும் கீழும் பார்த்தார். நாகேஸ்வரன் பிளேட்டைச் செருகி, படம் எடுக்கும் ரப்பர் குமிழை அழுத்தினார்.

"ஆச்சுங்களா?" என்றார் வீரையன்.

பிளேட்டைச் செருகிவிட்டால் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நாகேஸ்வரனுக்கு அது தெரியும். ஆனாலும் கறுப்புத் துணியை இழுத்து, முகம் தெரியாதபடி தலையை மூடிக்கொண்டு, குனிந்தபடியே வெகுநேரம் நின்றார்.